இரவல் விதிமுறைகளோடு இணையவழிப் படிப்பைத் தொடங்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

கல்லூரி ஒன்றில் இணைப் பேராசிரியராக இருப்பவர் எழுதியிருக்கிறார். வரும் கல்வியாண்டில் இரண்டு பட்டப்படிப்புகளை முழுக்க முழுக்க இணையவழியில் தொடங்க அவருடைய கல்லூரி முடிவெடுத்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது. ஆறு வாரத்துக்குள் ‘கொள்கை ஆவணம்’ தயாராக வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் 64 பக்க ஆவணத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றித் துறைத்தலைவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். நான்கு இடங்களில் எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது: தளத்தில் எத்தனை முறை உள்நுழைந்தார் (லாக்-இன்) என்பதை வைத்து 75 சதவீத வருகை; தேர்வின்போது கேமராவை இயக்கி அறை முழுவதையும் சுற்றிக் காட்ட வேண்டும்; பதிவு செய்யப்படும் பாடங்கள் அனைத்தும் என்றென்றைக்கும் கல்லூரிக்கே சொந்தம்; செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று மென்பொருள் சொன்னால் பூஜ்ஜியம். மூத்த பேராசிரியர் ஒருவர் கேமரா முன் நிற்கவே மாட்டேன் என்கிறார்.

இதற்கிடையில், சோதனை முறையில் நடத்திய ஒரு தாளில், இணைய இணைப்பு துண்டிக்கப்பட்ட மாணவி ஒருவரைக் கண்காணிப்பு மென்பொருள் ‘முறைகேடு’ என்று குறித்துவிட்டது. முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மாணவியின் தந்தை வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

“மற்றவர்களின் விதிமுறையை எடுத்தாள்வது தவறா? இந்த நான்கு விதிகளும் சட்டத்தின் முன் நிற்குமா? கடுமையான விதிகள் இருந்தால்தானே நாளை நீதிமன்றத்தில் எங்களுக்குப் பாதுகாப்பு? எதிர்ப்பவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?” இவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள பேராசிரியருக்கு,

ஊர், நாடு எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே பல நாடுகளின் சட்டங்களிலிருந்து எடுத்துக்காட்டுகள் தருகிறேன். உங்கள் நாட்டின் உயர்கல்வி ஒழுங்குமுறையோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை உங்கள் கல்லூரியின் சட்ட ஆலோசகருடையது.

முதலில் அந்த மாணவியின் விவகாரம். ஆவணம் ஆறு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. அந்தத் தேர்வு தொடர்பான வீடியோ, மென்பொருளின் குறிப்புகள், கற்றல் தளத்தின் சர்வர் பதிவுகள் எதையும் யாரும் அழிக்கக் கூடாது என்று தொழில்நுட்பப் பிரிவுக்கும் சேவை தரும் நிறுவனத்துக்கும் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். பல சேவைகளில் தேர்வு வீடியோக்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாகவே அழிந்துவிடும்; நோட்டீஸ் வந்த பிறகு அப்படி அழிந்தால், எந்த நீதிபதியும் அதைத் தற்செயல் என்று எளிதில் நம்ப மாட்டார். இணைப்பு எத்தனை மணிக்கு அறுந்தது, எத்தனை மணிக்குத் திரும்ப வந்தது, அந்த இடைவெளியில் எந்த விடையாவது மாற்றப்பட்டதா என்பதைச் சர்வர் பதிவே சொல்லிவிடும். அதைப் பார்த்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. மென்பொருள் சந்தேகத்தைத்தான் எழுப்பும். அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஒரு மனிதர்.

அந்த மாணவியிடம் இதுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை என்று தெரிகிறது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், ஆதாரத்தைக் காட்டுங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். புதிதாக எழுதப்போகும் விதிகளைப் பழைய தேர்வுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். பதிவுகளில் ஐயம் எழவில்லை என்றால் முடிவை வெளியிடச் சொல்லுங்கள். ஐயம் தீரவில்லை என்றால் மறுதேர்வு தருவது பெரும்பாலும் இரு தரப்புக்கும் நல்லது. நோட்டீஸுக்குக் கல்லூரியின் வழக்கறிஞர் பதில் தரட்டும். நீங்கள் தனியாக அந்தத் தந்தையோடு தொலைபேசியில் பேச வேண்டாம்.

விதி முதலில் யாரைக் கட்டும்?

“கடுமையான விதிகள் இருந்தால் பாதுகாப்பு” என்கிறீர்கள். இந்த நம்பிக்கை பரவலானது, பெரும்பாலும் தவறானது. மதிப்பெண் சரியா, விடைத்தாள் தகுதியானதா என்பவற்றில் தலையிட நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும்; கல்வித் தரத்தைக் கல்வியாளர்களிடமே விட்டுவிடும். ஆனால் கல்லூரி தானே அச்சிட்டு வெளியிட்ட நடைமுறையைத் தானே பின்பற்றியதா என்பதை வரிக்கு வரி பார்க்கும். மாணவர் கையேட்டையும் சேர்க்கை அறிவிப்பையும் கல்லூரிக்கும் மாணவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் பகுதியாகக் கொள்ளும் போக்கு பல நாடுகளில் உண்டு. ஆக, எழுதிவிட்டுச் செய்யாமல் விட்ட விதி உங்கள் கல்லூரிக்கு எதிரான முதல் சாட்சியாகிவிடும்.

இரவல் வாங்குவதன் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பிற கல்லூரிகளின் விதிகளைப் படித்துக் கற்பதில் தவறில்லை, எல்லோரும் செய்வதுதான். (அப்படியே பிரதி எடுப்பது வேறு. உங்கள் வரைவில் கருத்துத் திருட்டைக் கண்டிக்கும் பிரிவும் சொல்லுக்குச் சொல் இன்னொருவருடையது என்பதை மாணவர்கள் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது.) நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ‘மாணவர் குறைதீர் அலுவலர் அலுவலகம்’ வருகிறது, ‘24 மணி நேரத் தொழில்நுட்ப உதவி மையம்’ வருகிறது, ‘மாற்றுத்திறனாளிகள் சேவைப் பிரிவு’ வருகிறது. இந்த மூன்றும் உங்கள் கல்லூரியில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரவு 11 மணிக்குத் தளம் முடங்கி, ஒப்படைப்பைப் பதிவேற்ற முடியாமல் தவிக்கும் மாணவர், அந்த 24 மணி நேர மையத்தின் எண் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வரைவை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதிக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதுங்கள். இதைச் செய்யப்போகிறவர் யார்? எத்தனை நாளில்? அவர் செய்யாவிட்டால் மாணவர் யாரிடம் போவார்? மூன்றுக்கும் விடை இல்லாத விதியை அடித்துவிடுங்கள். 64 பக்கம் 12 பக்கமாகச் சுருங்கும். அதுவே அதிகம் என்பது என் எண்ணம்.

வருகைப்பதிவு

லாக்-இன் என்பது வருகை ஆகாது. கணினியைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கலாம். நண்பரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள், மேற்கொண்டு எதுவும் செய்யாமல் வெறுமனே உள்நுழைவதைக் கல்வி ஈடுபாடாகக் கொள்வதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ஒப்படைப்பைச் சமர்ப்பிப்பது, தேர்வு எழுதுவது, இணையவழி விவாதத்தில் பாடம் குறித்துப் பங்கேற்பது, ஆசிரியரிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பது ஆகியவைதாம் கணக்கில் சேரும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை உங்கள் வரைவு தொடவே இல்லை. மாணவர் வந்தாரா என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறீர்கள். ஆசிரியர் வந்தாரா என்று எங்கும் கேட்கவில்லை. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிப்படி, தொலைநிலைக் கல்வி என்ற பெயருக்கே தகுதி பெற, ஆசிரியர் மாணவரோடு முறையாகவும் பொருள் பொதியவும் உறவாட வேண்டும்: நேரடியாகக் கற்பித்தல், பணிகளை மதிப்பிட்டுக் கருத்துச் சொல்லுதல், பாட ஐயங்களுக்கு விடையளித்தல், குழு விவாதத்தை நடத்துதல், அங்கீகார அமைப்பு ஏற்கும் பிற கற்பித்தல் பணிகள் ஆகிய ஐந்தில் குறைந்தது இரண்டு. இல்லாவிட்டால் அது அஞ்சல்வழிப் படிப்பாகக் கருதப்பட்டுவிடும். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் வீடியோவை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ள இடம் தரவில்லை. வீடியோ பாடம், வாசிப்புப் பொருள், சுயமதிப்பீடு, ஐயம் தீர்க்கும் விவாதக் களம் என்ற நான்கும் சேர்ந்ததே இணையவழிப் பாடம்.

இந்த விவகாரத்தில் எவ்வளவு பணம் புரளும் என்பதற்கு ஒரு நிகழ்வு. அமெரிக்காவின் இணையவழிப் பல்கலைக்கழகமான வெஸ்டர்ன் கவர்னர்ஸின் பல பாடங்களில் ஆசிரியர் பங்கேற்பு போதாது என்று சொல்லி, 71 கோடி 30 லட்சம் டாலர் அரசு மாணவர் நிதியுதவியைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று 2017இல் அமெரிக்கக் கல்வித் துறையின் தணிக்கைப் பிரிவு பரிந்துரைத்தது. சட்டத்தில் தெளிவில்லை என்பதையும் காரணமாகக் காட்டி, 2019இல் கல்வித் துறை அதைக் கைவிட்டது. பல்கலைக்கழகம் தப்பியது, ஆனால் இடைப்பட்ட காலம் முழுவதும் கத்தி தலைக்கு மேல் தொங்கியது. உங்கள் ஆவணத்தில் ஓர் உறுதிமொழி இருக்கட்டும்: மாணவரின் கேள்விக்கு ஆசிரியர் இத்தனை வேலைநாளில் விடையளிப்பார், ஒப்படைப்பு இத்தனை நாளில் கருத்துரையோடு திரும்பும். எண்ணிக்கையை ஆசிரியர்களையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். அவர்களே சொன்ன எண்ணைத்தான் அவர்கள் காப்பாற்றுவார்கள்.

தேர்வறையும் படுக்கையறையும்

அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும் விதி சட்டத்தில் நிற்குமா என்றால், இடத்தையும் சூழலையும் பொறுத்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழகம் வேதியியல் தேர்வுக்கு முன் ஒரு மாணவரின் படுக்கையறையைக் கேமராவில் காட்டச் சொன்னது நியாயமற்ற சோதனை, அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்த வாதம் அமெரிக்காவின் அரசுக் கல்வி நிலையங்களுக்குத்தான் பொருந்தும். மறுபுறம், 2020இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், பெருந்தொற்றுக் காலத்தில் வேறு வழியில்லாதபோது பல்கலைக்கழகம் கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு கேள்வி மிஞ்சும்: இதைவிடக் குறைவாகத் துருவும் வழி ஒன்று இருந்ததா?

உங்களுக்கு இருக்கிறது. இறுதித் தேர்வை மட்டும் மேற்பார்வையுள்ள மையத்தில் நடத்தலாம். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் வினாத்தாளைத் தயாரிக்கலாம். சிறு செயல்திட்டமும் பத்து நிமிட வாய்மொழித் தேர்வும் வைக்கலாம். யார் எழுதினார்கள் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். பலர் கூடி வாழும் ஒற்றை அறை வீட்டிலிருந்து எழுதும் மாணவரை நினைத்துப் பாருங்கள். பின்னால் யாராவது நடந்தால் மென்பொருள் குறிக்கும், கண்ணைத் திருப்பினால் குறிக்கும், வெளிச்சம் குறைந்தால் முகம் தெரியவில்லை என்னும். நேர்மையாக எழுதியும் அவரே அதிகம் மாட்டிக்கொள்வார். கண்காணிப்பு தேவைதான் என்று கல்லூரி முடிவெடுத்தால், என்னென்ன பதிவாகிறது, யார் பார்ப்பார், எத்தனை நாள் இருக்கும், வேண்டாம் என்பவருக்கு மாற்று வழி என்ன என்று சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கட்டணம் கட்டிய பிறகு வாங்கும் சம்மதம் உண்மையான சம்மதம் ஆகாது.

இணைப்புத் துண்டிப்பு என்பது இணையவழிப் படிப்பில் அன்றாடம் நடப்பது. அதற்கு உங்கள் 64 பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை! எத்தனை நிமிடம் வரை துண்டிப்பு மன்னிக்கப்படும், மாணவர் யாருக்கு எவ்வளவு நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், எந்தச் சூழலில் மறுதேர்வு என்று அரைப் பக்கம் எழுதியிருந்தால் இன்று நோட்டீஸ் வந்திருக்காது. கூடவே ஒரு சின்ன விஷயம்: ‘10ஆம் தேதி நள்ளிரவு 12 மணி’ என்று எதற்கும் கெடு வைக்காதீர்கள். 10ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று சண்டை வரும். ‘10ஆம் தேதி இரவு 11.59’ என்று எழுதி, எந்த நாட்டு நேரம் என்பதையும் சேருங்கள்.

பாடப் பதிவுகள் யாருக்குச் சொந்தம்?

மூத்த பேராசிரியரின் தயக்கத்தைப் பிடிவாதம் என்று ஒதுக்க மாட்டேன். பணியின் பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியமர்த்தியவரே முதல் உரிமையாளர் என்பது பல நாடுகளில் பொது விதி. அதைப் படித்துவிட்டுத்தான் ‘என்றென்றைக்கும்’ என்று எழுதியிருக்கிறார்கள் போலும். ஆனால் எழுதிய பாடம் வேறு, அதை நின்று நிகழ்த்துவது வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ‘நிகழ்த்துநர்’ யார் என்று சொல்லும் பட்டியலில் நடிகர், பாடகர், வித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோரோடு விரிவுரை ஆற்றுபவரும் இடம்பெற்றிருக்கிறார். பேராசிரியருக்கு இந்தக் கூட்டணி பிடிக்குமோ என்னவோ, அவருக்கென்று தனி உரிமை ஒன்று இருக்கிறது என்பது அதிலிருந்து தெளிவு.

சட்டம் எப்படியிருந்தாலும், வரம்பில்லாத உரிமை கல்லூரியின் பெயருக்கே கேடு. 2021 ஜனவரியில் கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில், கலை வரலாற்றுப் பாடத்தை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், ஆசிரியரிடம் ஏதோ கேட்க எண்ணி மின்னஞ்சல் முகவரியைத் தேடினார். அந்த ஆசிரியர் 2019லேயே காலமாகிவிட்டார் என்ற செய்திதான் கிடைத்தது.

உங்கள் ஆவணத்தில் கல்லூரிக்குப் பயன்படுத்தும் உரிமம் மட்டும் போதும்: இந்தப் படிப்புக்காக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு. ஆசிரியர் பணியை விட்டுப் போனாலோ மறைந்தாலோ என்ன செய்வது, பிழையான பாடத்தை அவர் திரும்பப் பெறலாமா, மாணவரின் முகமும் குரலும் பதிவாகியிருந்தால் அடுத்த ஆண்டு வகுப்புக்கு அது காட்டப்படுமா என்பவற்றுக்கு விடை எழுதுங்கள். அந்தப் பேராசிரியரை இந்தப் பிரிவை எழுதும் துணைக்குழுவுக்குத் தலைவராக்குங்கள். எதிர்ப்பவரிடம் பேனாவைக் கொடுப்பது எனக்குத் தெரிந்தவரை நன்றாகவே வேலை செய்கிறது.

செயற்கை நுண்ணறிவு

மென்பொருள் சொன்னால் பூஜ்ஜியம் என்ற விதியை எடுத்துவிடுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியை, துல்லியம் குறைவு என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. அந்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டறிகருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் குறிக்கப்பட்டன. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் எளிய கணக்கு ஒன்று போட்டது: 2022இல் சமர்ப்பிக்கப்பட்ட தாள்கள் 75,000, நூற்றுக்கு ஒன்று தவறினாலும் 750 பேர் மீது பொய்க் குற்றச்சாட்டு. கருவியை அணைத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 22ஆம் பிரிவு, மனிதர் தலையீடே இல்லாமல் இயந்திரம் மட்டும் ஒருவரின் வாழ்வைப் பாதிக்கும் முடிவை எடுப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் எது அனுமதி, எது கூடாது என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதித் தரட்டும். ஐயம் எழுந்தால் மாணவரை அழைத்துப் பேசட்டும்.

விடுபட்டவை

வீடியோக்களில் பேச்சை எழுத்தில் காட்டும் வரிகள் இல்லை என்று ஹார்வர்டு, எம்ஐடி இரண்டின் மீதும் அமெரிக்கக் காதுகேளாதோர் தேசியச் சங்கம் 2015இல் வழக்குத் தொடுத்தது; இரண்டும் பின்னாளில் சமரச உடன்பாட்டுக்கு வந்து, வரிகள் சேர்க்க ஒப்புக்கொண்டன. முடிந்த பாடங்களைத் திரும்ப எடுத்து வரி சேர்ப்பது பெரும் செலவு, முதல் நாளே சேர்ப்பது மலிவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு படிக்கும் மாணவரைச் சேர்த்தால், அந்த நாட்டுத் தரவுச் சட்டமும் சில இடங்களில் கல்வி அனுமதி விதிகளும் உங்களைத் தொடும். முதலாண்டில் 17 வயது மாணவர்களும் இருப்பார்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் குழந்தைகள்.

கற்றல் தளத்தை ஒரு நிறுவனம் நடத்தித் தருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாணவர் சேர்க்கையும் கற்பித்தலும் அவர்கள் கையில் போயிருந்தால், அது கல்லூரி நடத்தும் படிப்பா என்ற கேள்வியே எழும். இந்தியாவில் கல்லூரியின் பெயரில் வேறொருவர் படிப்பை நடத்தும் அப்படிப்பட்ட உரிமக்கிளை (franchise) ஏற்பாட்டுக்கு இடமில்லை என்று மானியக் குழு 2022இல் அறிவிப்பே வெளியிட்டது. ஒப்பந்தம் முடிந்தால் மாணவர் பதிவேடுகள் எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

நடைமுறைப்படுத்துவது

முதல்வர் கையெழுத்திட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். தேர்வு, வருகை, மதிப்பீடு போன்றவற்றில் முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலான கல்லூரிகளில் கல்விக் குழுவுக்கே உண்டு. அங்கே நிறைவேறாத விதியை வைத்து ஒரு மாணவரைத் தண்டித்தால் முதல் விசாரணையிலேயே அது உதிர்ந்துவிடும்.

கொள்கையையும் செயல்முறையையும் பிரித்து வையுங்கள். கொள்கையில் உரிமைகள், பொறுப்புகள், மேல்முறையீடு மட்டும் இருக்கட்டும். அதைக் கல்விக் குழு நிறைவேற்றட்டும். எந்த மென்பொருள், எந்தப் படிவம், எந்தத் தொலைபேசி எண் என்பவை செயல்முறைக் குறிப்பில் போகட்டும், அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பு எண்ணும் நடைமுறைக்கு வரும் தேதியும் தேவை. மேல்முறையீட்டை விசாரிப்பவர் முதல் முடிவை எடுத்தவராக இருக்கக் கூடாது. மாணவர்கள் இருவரையாவது வரைவுக் குழுவில் சேருங்கள். பதிவேற்றும் பக்கம் கைபேசியில் திறப்பதில்லை என்பது போன்ற விஷயங்களை அவர்கள்தான் சொல்வார்கள்.

ஆறு வாரத்தில் மாணவர் குறைதீர்ப்பு, தேர்வு, ஆசிரியர் பங்கேற்பு, பதிவுகள், தரவு ஆகிய ஐந்தை முடிக்கலாம். மற்றவை முதல் செமஸ்டருக்குள் வரட்டும். உங்களுக்கு ஒருங்கிணைப்பாளர் என்ற பெயர் கிடைத்திருக்கிறது. அதிகாரமும் நேரமும் கிடைத்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. உங்கள் கற்பித்தல் மணிநேரம் எவ்வளவு குறையும், துறைகளிடம் தகவல் கேட்கும் உரிமை உண்டா, உதவிக்கு யார் என்பதை எழுத்து வடிவ உத்தரவாகக் கேளுங்கள். முதல்வர் தயங்கினால், இரண்டு பட்டப்படிப்புகளில் ஒன்றை மட்டும் வரும் ஆண்டு தொடங்கி, மற்றதை ஓராண்டு தள்ளிவைக்கும்படி கல்விக் குழுவிடம் பரிந்துரையுங்கள். அந்தப் பரிந்துரையும் எழுத்திலேயே இருக்கட்டும்.